நிலைகொள்ளாத பூஜ்ஜியம்

மின்னஞ்சல் நாலே வரி. "பூஜ்ஜியம் நிற்க மாட்டேன் என்கிறது. கருவியில் கோளாறா, என் வேலையில் கோளாறா தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். யாரையாவது அனுப்புங்கள்." எழுதியவள் ஆக்னஸ். தூத்துக்குடியில் ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடமாக உழைத்துக்கொண்டிருப்பவள்.

மலேசியாவில், ஈப்போ நகரில் உள்ள எங்கள் அலுவலகத்தில் 'யாரையாவது' என்றால் எப்போதும் நான்தான். பதினைந்து மாதங்களுக்கு முன் அந்தக் கருவியைக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு வந்தவளும் நானே. என் முதலாளி சீனர், பேச்சில் படு சிக்கனம். "நீ வைத்த இயந்திரம். நீயே போய்ப் பார்" என்று மலாயில் சொல்லிவிட்டுத் தேநீரைக் கலக்கப் போய்விட்டார்.

எங்கள் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். உடம்பின் ஒவ்வொரு செல்லின் தோலிலும் மிக நுண்ணிய கதவுகள் இருக்கின்றன. அவை திறக்கும்போது உப்பின் துகள்கள் உள்ளும் புறமும் ஓடும். அந்த ஓட்டம்தான் செல்லின் மின்சாரம். வலிப்பதும் இதயம் துடிப்பதும் அந்தக் கதவுகளின் தயவில்தான். அதை அளக்க, ஒரு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, கண்ணுக்கே தெரியாத கூர்முனையாக்கி, நுண்ணோக்கியின் கீழ் ஒரு செல்லின் மேல் மெல்ல வைக்க வேண்டும். பிறகு குழாயோடு இணைந்த ரப்பர் டியூபை வாயில் வைத்து லேசாக உறிஞ்ச வேண்டும். எங்கள் ஊரில் 'சிப்புட் செடுட்' என்று ஒரு நத்தைக் குழம்பு உண்டு. ஓட்டில் வாய் வைத்து உறிஞ்சித்தான் சாப்பிட முடியும். ஏறக்குறைய அதே வித்தைதான், ஆனால் நூற்றில் ஒரு பங்கு மூச்சு. செல் குழாயின் முனையில் கவ்விக்கொண்டதும் அதன் மின்சாரத்தை எங்கள் கருவி பெருக்கித் திரையில் காட்டும். இதற்கு பேட்ச் கிளாம்ப் என்று பெயர்.

மன்னார் வளைகுடாவில் கூம்பு வடிவத்தில் ஒரு சங்கு உண்டு. பார்க்க அழகு, கையில் எடுத்தால் கொட்டிவிடும். அதன் நஞ்சில் உள்ள ஒரு கூறு, வலியைச் சொல்லும் கதவுகளை வழக்கத்தைவிடச் சீக்கிரம் திறக்க வைக்கிறது என்பது ஆக்னஸின் கண்டுபிடிப்பு. சிக்கல் என்னவென்றால், கருவியின் பூஜ்ஜியம் தானாக நகர்ந்தாலும் திரையில் அதே காட்சிதான் தெரியும். தராசு முள் ஏற்கெனவே சாய்ந்திருந்தால் கத்தரிக்காய் எடை கூடத்தானே காட்டும்? அவள் இத்தனை நாளாக நிறுத்தது கத்தரிக்காயையா, தராசின் சாய்வையா என்பதுதான் கேள்வி.

திங்கட்கிழமை மதியம் தூத்துக்குடியில் இறங்கினேன். தை மாதத்து வெயில் என்று நம்பி வந்தேன். அது தை மாதத்துக்கு யாரும் சொல்லி வைக்காத வெயில். காரோட்டி தங்கராசு அண்ணாச்சி என் பெட்டியை வாங்கிக்கொண்டே, "என்ன சோலியா வந்துருக்கிய?" என்று கேட்டார். ஒரு மின்கருவி சரியாக வேலை செய்யவில்லை என்றேன். "உப்புக் காத்தும்மா. இங்கன எல்லாத்தையும் உப்பு தின்னுரும். என் வண்டிக் கதவப் பாருங்க" என்றார். பார்த்தேன். கதவின் அடிப்பகுதி முறுக்கு மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது.

அன்று முழுக்க நான் யாரிடம் பேசினாலும் பூர்வீகம் எது என்பது முதல் கேள்வி. எனக்குத் தெரியாது. என் அப்பாவுக்கும் தெரியாது. மதியம் மூன்று மணிக்குள் மூன்று பேர் என் முகத்தை உற்றுப் பார்த்து மூன்று வெவ்வேறு ஊர்களை எனக்கு ஒதுக்கிவிட்டார்கள். மலேசியாவில் ஒருவரைப் பார்த்ததும் சாப்பிட்டாயா என்று கேட்போம். இங்கே அது இரண்டாவது கேள்வி.

ஆய்வுக்கூடத்து வாசலில் ஆக்னஸ் நின்றிருந்தாள். முப்பத்துநாலு வயது, ஒல்லி, கண்ணாடி போட்ட கூர்மையான முகம். போன தடவை பார்த்ததைவிட இளைத்திருந்தாள். "வந்துட்டியளாக்கா!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது.

கருவி அறையில் நான் வைத்தது வைத்தபடி இருந்தது. அதிர்வு தாங்கும் மேசை, அதன் மேல் கம்பி வலைக் கூண்டு, கூண்டுக்குள் நுண்ணோக்கி. மின்சாரத்தைப் பெருக்கிக் காட்டும் பெட்டியான பெருக்கியின் நெற்றியில் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும். எனக்குச் சிரிப்பு வந்தது. "ஆயுத பூசைக்கு வச்சது. அழிக்க மனசு வரல" என்றாள் ஆக்னஸ், கொஞ்சம் வெட்கத்தோடு. அவள் கத்தோலிக்கக் குடும்பம். ஆனாலும் கருவிக்கு வைத்த பொட்டு கருவிக்கு வைத்ததுதான்.

அவள் திரையை எனக்குக் காட்டினாள். பூஜ்ஜியத்தில் நிறுத்திய கோடு கால் மணி நேரத்தில் மெதுவாகச் சரிந்து எங்கேயோ போய்விட்டது. முதலில் கருவியை நேராகச் சோதிக்கலாம் என்று, சோதனைச் சாமான்கள் இருந்த என் அட்டைப்பெட்டியின் நீல நைலான் கயிற்றைக் கத்தரித்துத் திறந்தேன். உள்ளே குழந்தைக்கான டயப்பர், நாலு டப்பா சாக்லேட், தைலப் புட்டிகள், ஒரு புதிய குக்கர்.

என் பெட்டி அல்ல. அட்டைப்பெட்டியும் நீலக் கயிறும் எங்கள் ஊரில் எல்லோரும் கட்டுகிறதுதான். விமான நிலையத்தில் எவரோ என்னுடையதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், நான் அவருடையதை. எனக்கு வந்த கோபத்தில் என் மேலேயே எரிந்து விழுந்தேன். குக்கரின் அடியில் ஒரு காகிதம் இருந்தது. காயல்பட்டினத்து முகவரி, தொலைபேசி எண். ஆக்னஸ் கூப்பிட்டுப் பேசினாள். அந்தப் பக்கம் இருந்த பெரியவர் என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மருமகளுக்கு மகன் அனுப்பிய குக்கர் ஏன் இவ்வளவு கம்பியோடு இருக்கிறது என்று வீட்டையே கூட்டி விசாரித்துக்கொண்டிருந்தாராம்.

"நாளைக்குப் போய் வாங்கிக்கிடலாம். இப்ப சாப்பிடுங்க. அது எங்கயும் போயிராது" என்றாள் ஆக்னஸ். மில்லர்புரத்தில் எனக்குக் கொடுத்த அறைக்குப் பக்கத்திலேயே புரோட்டாக் கடை. எங்கள் ஊர்ப் புரோட்டாவான ரோட்டி சானாயைப் பற்றி எனக்கு நிறையப் பெருமை உண்டு. அன்று சால்னாவில் ஊறிய அந்தப் பொரித்த புரோட்டாவைத் தின்றபோது அந்தப் பெருமையைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம் என்று தோன்றியது. சாப்பிட்டுக்கொண்டே ஆக்னஸிடம் வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்டேன்.

"பதிவுக் காலம் வெள்ளியோட முடியுது. ரெண்டு தடவ நீட்டிப்பு வாங்கியாச்சி. இனி கெடையாது" என்றாள். "கைடு சொல்லுதாவ, இருக்கத வச்சிக் குடுத்துரு, யாரு உள்ள பூந்து பாக்கப் போறான்னு."

"நீ என்ன சொல்கிறாய்?"

அவள் இலையைப் பார்த்தபடியே சொன்னாள். "நகந்தது பூஜ்ஜியம்தான்னா நா குடுக்க மாட்டேன்க்கா. இல்லாதத எழுதி டாக்டர்னு போட்டுக்கிட்டு என்னால நடக்க முடியாது."

மூன்றாவது புரோட்டா எனக்கு இறங்கவில்லை. அந்தக் கருவியைப் பொருத்தியது நான். கோளாறு என் கையால் வந்ததென்றால் ஒருத்தியின் ஆறு வருடத்தை நான் தின்றவளாவேன்.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணாச்சியின் காரில் காயல்பட்டினம் புறப்பட்டோம். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம், வெள்ளை வெள்ளையாய்க் குவியல்கள். ஒரு உப்பு லாரி சாலையின் குறுக்கே டயர் வெடித்து நின்றது. அரை மணி நேரம் நின்றோம். அண்ணாச்சி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "டயரயும் உப்பு தின்னுட்டு" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு ஆற்றுப் பாலம், ஆத்தூர் வாழைத்தோட்டங்கள், சாகுபுரத்து ஆலைப் புகைபோக்கி. கார் நுழைய முடியாத ஒரு சந்தில் இறக்கிவிட்டார். எதிரே ஸ்கூட்டர் வந்தால் சுவரோடு ஒட்டி நின்றால்தான் வழி. நான் இரண்டு கைகளிலும் குக்கர் பெட்டியை ஏந்திக்கொண்டு சுவரோடு சுவராக நடந்தேன்.

பெரியவர் பெயர் மொகுதூம். தெருவில் எல்லோரும் அவரைக் காக்கா என்றார்கள். அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் அழைப்பார்களாம். கோலாலம்பூரில் இருக்கும் மகனைப் பார்த்துவிட்டு நான் வந்த அதே விமானத்தில் வந்திருக்கிறார். என் பெட்டியை ஒரு பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "பிள்ளைங்க தொட்டுரக் கூடாதுன்னு பூட்டி வச்சேன். பாத்தா ரொம்ப வெல உள்ள சாமான் மாதிரி இருந்துச்சி." அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னேனோ தெரியாது. உள்ளேயிருந்து தட்டுத் தட்டாக வந்தது. இறால் வைத்துப் பொரித்த வாடா, பிறகு தம்மடை என்ற முட்டைப் பலகாரம், பிறகு மறுபடியும் வாடா. ஆக்னஸ் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விருந்தாளி அவசரப்பட்டால் அவர்களுக்குக் குறை என்று தெரிந்ததால் நான் நாலாவது வாடாவையும் சாப்பிட்டேன். கஷ்டப்பட்டுச் சாப்பிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

மாலையில் கருவியைச் சோதித்தேன். பெட்டியில் நான் கொண்டுவந்தது ஒரு போலிச் செல். செல்லைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு சின்ன மின்சுற்று, அவ்வளவுதான். அதைச் செருகிப் பூஜ்ஜியத்தை நிறுத்தினேன். ஒரு மணி நேரம் கோடு அசையவில்லை. கருவி சுத்தம்.

என் முதலாளிக்குச் செய்தி அனுப்பினேன். "நல்லது. திரும்பி வா" என்று பதில் வந்தது. எங்களுக்கு நல்லதுதான். ஆனால் ஆக்னஸுக்கு அது கெட்ட செய்தி. கருவி சரியென்றால் தவறு அவள் வேலையில் எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். அவள் ரப்பர் டியூபைச் சுருட்டி வைத்தாள். நான் முதலாளிக்கு, "வெள்ளிவரை இருக்கிறேன்" என்று எழுதிவிட்டுத் தொலைபேசியை அணைத்துவிட்டேன்.

புதன்கிழமையை நான் வீணாக்கினேன். ஊரே சொன்ன உப்பை நானும் நம்பினேன். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றி ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். கூண்டின் எர்த் கம்பியை மாற்றினேன். குளிர்சாதனத்தை நிறுத்திப் பார்த்தேன், வியர்த்ததுதான் மிச்சம். குழாய்க்குள் போகும் வெள்ளிக் கம்பியை ஆக்னஸ் வாரம் தவறாமல் பிளீச்சில் ஊறவைத்துக் கறுப்பாக்கி வைத்திருந்தாள். அதுதான் முறை. வெறும் வெள்ளி உப்புத் தண்ணீரில் நிலையாக இருக்காது. வெள்ளிக் குளோரைடு என்ற கரும்பூச்சு இருந்தால்தான் பூஜ்ஜியம் அடங்கி நிற்கும். அந்தக் கம்பியில் ஒரு குறையும் இல்லை.

இன்னொரு கம்பியும் உண்டு. செல்கள் கிடக்கும் உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி, அதில் மூழ்கிக் கிடக்கும் தரைக் கம்பி. பூஜ்ஜியம் என்பதே அதை வைத்துத்தான். நான் அதைப் பார்க்கவே இல்லை. ஏனென்றால் அதை வைத்தவள் நான். நன்றாகக் கறுப்பாக்கி, குழிக்குள் இறக்கி, மேலே கறுப்பு டேப் ஒட்டி, "இதை எக்காரணம் கொண்டும் தொடாதே" என்று ஆக்னஸிடம் சொன்னதும் நானே. சொந்தக் கைவேலையில் யாருக்குச் சந்தேகம் வருகிறது?

அன்று மாலை ஆக்னஸ் என்னை அவள் வீட்டுக்கு அழைத்துப்போனாள். அவள் அம்மா சாளை மீனில் புளிமுளம் என்ற புளிக் குழம்பும் நண்டும் வைத்திருந்தார். ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் இலையில் நண்டுக்காலை வைத்துக்கொண்டே, "இவ அப்பா சங்கு குளிக்கப் போனவரு. மூச்ச அடக்கி எறங்குனா எந்திரிக்கிற வரைக்கும் நாங்க யாரும் பேச மாட்டோம். இப்ப இவளும் அப்பிடித்தான் இருக்கா" என்றார். ஆக்னஸ் பரிமாறிக்கொண்டிருந்தாள், காதில் விழாத மாதிரி.

வியாழன் காலை நான் போனபோது ஆய்வுக்கூடத்தில் கனியக்கா மட்டும் இருந்தார். செல்வக்கனி என்று பெயர், அங்கே துப்புரவுப் பணி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். சன்னல், மேசை, குழாய் எல்லாவற்றையும் கண்ணாடி போல் வைத்திருப்பார். பேச்சுக் கொடுக்கலாமே என்று பெருக்கியின் நெற்றியைக் காட்டி, "இந்தப் பொட்டு நீங்கள் வைத்ததா, அக்கா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ஆமா மேடம். பூசைக்கு முந்துன நாளு ஒத்த ஆளா எல்லாத்தயும் கழுவித் தொடச்சேன். ஆக்னசு வெளியூரு போயிருந்துச்சி. அந்தக் கூண்டுக்குள்ள பாத்தியளா, அங்கன ஒரு குழியில டேப்ப ஒட்டி ஒரு வெள்ளிக் கம்பி கெடந்துச்சி. எப்பிடிக் கறுத்துப் போயிக் கெடந்துச்சிங்கிய! வெள்ளிய அப்பிடிப் போட்டு வச்சிருக்காவளேன்னு எனக்கு மனசே கேக்கல. விபூதி போட்டுத் தேச்சித் தேச்சிப் பளபளன்னு ஆக்கி, பழையபடி அதே எடத்துல வச்சி டேப்பயும் ஒட்டிட்டேன். ஒரு நூலு பிசகல."

அப்போதுதான் ஆக்னஸ் உள்ளே வந்திருந்தாள். கையில் இருந்த பால் பாட்டிலை மேசையில் வைத்தாள். நான் போய் டேப்பை உரித்தேன். குழிக்குள் கம்பி புதுக் கொலுசு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எங்கள் அம்மாவும் தீபாவளிக்கு முன் குத்துவிளக்கையும் வெள்ளிக் குங்குமச்சிமிழையும் விபூதி போட்டுத்தான் தேய்ப்பார். கறுத்த வெள்ளியைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டிருக்க எந்தத் தமிழ்ப் பெண்ணால் முடியும்? கனியக்கா செய்தது வேலை சுத்தம். தப்பு என்னுடையது. தொடாதே என்று ஆக்னஸிடம் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. அவளும் சொன்ன சொல் தவறாமல் பதினைந்து மாதமாக அந்த டேப்பை உரித்துப் பார்க்கவில்லை. இதை உரக்கவே சொன்னேன். சொல்லும்போது என் காது சூடாகியது.

கனியக்கா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "என்னமும் தப்பாயிட்டா?" ஆக்னஸ் மெதுவாக விளக்கினாள். கறுப்பு அழுக்கு அல்ல, மருந்து என்றாள். அந்தக் கருமை போனால் தன் கணக்கு எல்லாம் அசைந்துவிடும் என்றாள். கனியக்கா கேட்டுக்கொண்டே கதவுப்பக்கம் பின்னால் நகர்ந்தார். "ஆறு வருசப் படிப்பயா நா தேச்சேன்?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் நடைபாதையில் நின்றார். அதன் பிறகு எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே கால் வைக்கவில்லை. துடைப்பத்தைக்கூட வாசலில் வைத்துவிட்டார்.

கம்பியை பிளீச்சில் போட்டோம். கால் மணி நேரத்தில் பழுப்பேறி, பிறகு கருஞ்சாம்பல் நிறத்துக்கு வந்தது. கழுவிக் குழிக்குள் இறக்கினேன். பூஜ்ஜியத்தை நிறுத்தினோம். கோடு நின்றது. அரை மணி நேரம் இருவரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது நின்றது. எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது, உட்கார்ந்தேன்.

ஆக்னஸ் உட்காரவில்லை. அவளுக்குக் கோடு நின்றது போதாது. நோட்டுப் புத்தகங்களை எடுத்துப் பரப்பினாள். ஒவ்வொரு செல்லைப் பதியும்போதும் தொடக்கத்தில் பூஜ்ஜியம் எங்கே இருந்தது, முடிவில் எங்கே இருந்தது என்று அவள் எழுதி வைத்திருந்தாள். நான் பார்த்த எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் யாரும் இந்த அளவு எழுதி வைப்பதில்லை. ஆயுத பூஜைக்கு முன்னால் எல்லாம் நிலையாக இருந்தது. பூஜைக்குப் பின்னால் எல்லாம் தள்ளாட்டம்.

இன்னொன்றும் தெரிந்தது. நஞ்சைக் கொடுத்துப் பார்த்த பிறகு, செல்லைச் சுத்தமான உப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். நஞ்சு செய்த வேலை என்றால் கழுவியதும் கதவுகள் பழைய நிலைக்குத் திரும்பும். பூஜ்ஜியம் நகர்ந்தது என்றால் எத்தனை கழுவினாலும் திரும்பாது. பூஜைக்கு முன் பதிந்த செல்கள் எல்லாமே திரும்பியிருந்தன. பின்னால் பதிந்ததில் ஒன்றுகூடச் சரியாகத் திரும்பவில்லை.

"அப்போ முந்தியது எல்லாம் சரிதானே!" என்றேன்.

"முந்தியது ஒம்பது செல்லுதான் இருக்கு. பிந்துன செல்ல வச்சி எழுதுன ஒரு அதிகாரம் முழுசும் போச்சி." பென்சிலால் அந்த அதிகாரத்தின் தலைப்பைக் குறுக்கே கோடிட்டாள். "போனது போகட்டும். ஆனா இந்த ஒம்பதும் நெசம்னு நா கண்ணால பாக்கணும்க்கா. நாளைக்குக் காலைல புதுசா ஒரு செல்லு. கழுவுனா திரும்பணும். திரும்புனா குடுப்பேன்."

"திரும்பவில்லை என்றால்?"

"குடுக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை. பைண்டிங் கடைக்காரர் பதினொன்றரை மணிக்குள் தாள்கள் வந்தால்தான் மதியம் தர முடியும் என்று சொல்லியிருந்தார். அதன் பிறகு திருநெல்வேலி போய்க் கொடுக்க வேண்டும். நாங்கள் ஏழு மணிக்கே கருவி முன் உட்கார்ந்தோம். கனியக்கா அதற்கு முன்பே வந்து நடைபாதையில், கதவுக்கு வெளியே, சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

ஆக்னஸ் டியூபை வாயில் வைத்தாள். முதல் செல் ஒட்டிக்கொண்டது. நஞ்சு கொடுத்தாள். கதவுகள் சீக்கிரமாகத் திறந்தன; பூஜ்ஜியக் கோடு அல்ல, கதவு திறப்பதைக் காட்டும் இன்னொரு கோடு இடப்பக்கம் நகர்ந்தது. கழுவத் தொடங்கினாள். துறைமுகச் சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி மேட்டில் ஏறி இறங்கிய அதிர்வில் செல் குழாயிலிருந்து பிய்ந்துகொண்டு போய்விட்டது. திரையில் வெறும் இரைச்சல். நான் மலாயில் ஒரு வார்த்தை சொன்னேன். அதை மொழிபெயர்க்கப் போவதில்லை.

இரண்டாவது செல் ஒட்டவே இல்லை. மூன்றாவது ஒட்டியது, சில நிமிடத்தில் செத்தது. மணி பத்தாகிவிட்டது. ஆக்னஸ் எழுந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். புதுக் குழாய் இழுத்தாள். நான் அவளுக்காக ஜெபம் செய்தேன் என்றால் என் முதலாளி நம்ப மாட்டார். செய்தேன்.

நாலாவது செல். ஒட்டியது. நின்றது. நஞ்சைக் கொடுத்தாள். கோடு இடப்பக்கம் நகர்ந்தது, நோட்டில் இருந்த அதே அளவு. கழுவத் தொடங்கினாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒன்றும் நடக்கவில்லை. கோடு நகர்ந்த இடத்திலேயே கிடந்தது. ஆக்னஸ் மூச்சு விடுகிறாளா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. நானும் விடவில்லை. கால் மணி நேரம் போல் தோன்றிய ஐந்தாவது நிமிடத்தில், கோடு மயிரிழை அளவு வலப்பக்கம் வந்தது. அடுத்த பதிவில் இன்னும் கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். பழைய கோட்டின் மேலேயே போய்ப் படுத்துக்கொண்டது. பூஜ்ஜியத்தைப் பார்த்தேன். அது ஆரம்பித்த இடத்திலேயே இருந்தது.

நான் கூச்சலிட்டிருப்பேன். ஆக்னஸ் விரலை உதட்டில் வைத்து, "ஒன்னு பத்தாது" என்றாள். இன்னொரு செல். அதுவும் நகர்ந்தது, கழுவியதும் திரும்பியது. அப்போதுதான் அவள் டியூபை வாயிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். கண்ணாடியைக் கழற்றி, இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நுண்ணோக்கி துடைக்கும் தாளை எடுத்து மூக்கைச் சிந்தினேன். அது விலையுயர்ந்த தாள், யாரும் கண்டுகொள்ளவில்லை. அவளுக்காக மட்டும் அழவில்லை நான். என் கையால் ஒரு பெண்ணின் வேலை பொய்யாகவில்லை என்ற நிம்மதி எனக்கும் இருந்தது.

மணி பதினொன்று. அந்த அதிகாரம் போக மீதித் தாள்களை அடுக்கி, எதை ஏன் நீக்கினேன் என்று எழுதிய ஒரு பக்கத்தை நடுவில் செருகிக்கொண்டு எழுந்தாள். கதவருகே போனதும் நின்றாள்.

கனியக்கா அங்கேயே நின்றிருந்தார். காலையிலிருந்து உட்காரவில்லை போலிருக்கிறது. எங்கள் முகங்களைப் பார்த்தும் அவருக்கு எதுவும் புரியவில்லை. அழுத கண்களை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"எல்லாம் போச்சா?" என்றார்.

"போகலக்கா" என்றாள் ஆக்னஸ். "நா பாத்தது உள்ளதுதான். இப்பமும் பாத்துட்டேன். உள்ளதுதான்."

கனியக்கா நிலைப்படியைக் குனிந்து பார்த்து, மிகவும் தணிந்த குரலில் கேட்டார்:

"அப்போ நா உள்ள வரலாமா ஆக்னசு?"